விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆட்களும் போர் விமானங்களும்: எதை எப்போது தொடங்க வேண்டும்?

ஓமலூரை அடுத்த ஊரிலிருந்து வந்து சேலத்தில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர், மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். நம் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்துவிட்டது. அதற்கென பிரான்சிடமிருந்து வாங்கும் ரஃபேல் மரீன் போர் விமானங்கள் 2028 வாக்கில்தான் வரத் தொடங்கும். கப்பலை முதலில் கட்டிவிட்டு விமானத்தைப் பிறகு தேடுவது முறைதானா என்பது முதல் கேள்வி. ஒப்பந்தப்படி 26 விமானங்களும் வந்து சேர்ந்துவிட்டால் கப்பல் போருக்கு ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாமா என்பது இரண்டாவது. சேலத்துக்காரர் ஒருவருக்கு இந்தப் பணியில் எங்கே இடம் இருக்கிறது என்பது மூன்றாவது. கடற்படை விமானப் பிரிவின் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இப்போது அஸ்தம்பட்டியில் வசிப்பவன் என்ற முறையில், வெளிப்படையாக அறியப்பட்ட செய்திகளைக் கொண்டே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கப்பலை முதலில் கட்டியது தவறில்லை. கப்பல் கட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அது முன்னால் போவது இயல்பு. விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முடிவு நீண்டுகொண்டே போனதுதான் குறை. ஆனால் இவை இரண்டையும் விட நீண்ட காலம் எடுப்பது ஆட்களை உருவாக்கும் வேலை. செய்திகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். விக்ராந்தின் கட்டுமானம் கொச்சியில் 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை வைத்துத் தொடங்கி, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறைவடைந்தது. இரவு நேரத்தில், ஆடும் தளத்தில், ஓடும் எஞ்சின்களுக்கு நடுவே நின்று இருபது இளைஞர்களின் உயிருக்குப் பொறுப்பேற்கத்தக்க ஒரு தலைமை மாலுமி உருவாகவும் ஏறத்தாழ அத்தனை காலம் ஆகிறது. ஆகவே அடிக்கட்டை வைக்கும் நாளிலேயே அந்த மாலுமியும் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

இது ஏன் என்று விளங்க, அந்தத் தளத்தில் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். நம் சேலத்துக் கமலாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளம். அதில் ஏறி இறங்குவது விசிறி பொருத்திய சிறிய பயணியர் விமானம். விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். அதில் போர் விமானம் ஓடி எழும்பக் கிடைப்பது அதிகம் போனால் 200 மீட்டர். அந்தக் குறைந்த தூரத்தை ஈடுகட்டவே கப்பலின் முகப்பு 14 பாகை மேல்நோக்கி வளைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. விமானம் முழு உந்துவிசையோடு ஓடி அந்த வளைவில் ஏறி வானத்தில் வீசப்படுகிறது. அந்தக் கணத்தில் இறக்கைகள் தாங்குவதற்குப் போதுமான வேகம் இன்னும் முழுமையாக வந்திராது, மேலேறிக்கொண்டிருக்கும்போதே அது வந்து சேர்கிறது. இதற்காகவே கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து ஓட வேண்டியிருக்கிறது. காற்றும் கப்பலின் வேகமும் குறைந்தால், விமானத்தில் ஏற்றும் எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைத்தாக வேண்டும்.

இறங்குவது இன்னும் கடினம். மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் வால் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் மூன்று எஃகு வடங்களில் ஒன்றைப் பற்ற வேண்டும். பற்றினால் சுமார் நூறு மீட்டருக்குள், இரண்டு மூன்று விநாடிகளில் விமானம் நிற்கும். சக்கரம் தளத்தைத் தொட்ட உடனே விமானி எஞ்சினைக் குறைப்பதில்லை. முழு விசைக்கு ஏற்றுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் அதே ஓட்டத்தில் மறுபடி எழும்பிப் போக வேண்டும் என்பதே காரணம். தளத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு விமானத்தின் வரவையும் கண்ணால் அளந்து, வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரும் கப்பல் தளத்தில் இறங்கிப் பழகிய விமானியே. அவரைப் போன்றவரை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வழியில்லை. பல பருவங்கள் தளத்தில் இறங்கிய விமானிகளிலிருந்துதான் அவர் வர முடியும்.

தடுப்பு வடத்தைப் பராமரிக்கும் குழுவை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. ஆனால் 2016 நவம்பரில் ரஷ்யாவின் அட்மிரல் குஸ்நெத்சோவ் கப்பல் சிரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் இருந்தபோது நடந்ததைப் பாருங்கள். வடத்தில் பழுது, அதைச் சரிசெய்யும் வரை வானில் காத்திருந்த மிக்-29கே போர் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது. சில வாரங்களில் சு-33 ஒன்று இறங்கும்போது வடம் அறுந்து அதுவும் கடலுக்குப் போனது. இரண்டிலும் விமானிகள் தப்பினார்கள். எதிரி ஒரு குண்டும் வீசவில்லை. கப்பலின் பெரும்பாலான விமானங்கள் பின்னர் சிரியாவின் தரைத்தளத்திலிருந்து பறக்க வேண்டியதாயிற்று.

தளத்தில் பணிபுரிவோர் நிறம் நிறமாக மேலாடை அணிவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வழக்கத்தில் மஞ்சள் விமானத்தை நகர்த்தும் கட்டளை தருபவர், பச்சை வடங்களையும், விமானத்தை உந்தி ஏவும் கேட்டபுல்ட் பொறியையும் கவனிப்பவர், ஊதா எரிபொருள், சிவப்பு ஆயுதமும் தீயணைப்பும், வெள்ளை பாதுகாப்பு. பிற கடற்படைகளில் நிறம் சற்று மாறும், வேலை மாறாது. எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் எல்லாம் கைச் சைகையில் நடக்கிறது. இங்கே எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்திருப்பது மட்டும் போதாது. ஒன்றாகச் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபாரஸ்டல் கப்பலில் 1967 ஜூலை 29 அன்று, நின்றிருந்த விமானம் ஒன்றிலிருந்து தவறுதலாகச் சீறிய ராக்கெட் எதிரே இருந்த விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. தீயணைப்பில் தனிப் பயிற்சி பெற்ற சிறு குழு முன்னே ஓடியது. ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்து அந்தக் குழுவில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர். பிறகு தீயோடு போராடியவர்கள் அதற்குப் பயிற்சி பெறாத சமையற்காரர்களும் எழுத்தர்களும் பொறியறை மாலுமிகளும். 134 பேர் இறந்தார்கள். அதன் பின்னரே கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தீயணைப்புப் பயிற்சி கட்டாயம் என்பது அமெரிக்கக் கடற்படையில் உறுதிப்பட்டது. மற்ற கடற்படைகளும் அதிலிருந்து கற்றன. விக்ராந்தில் ஏறத்தாழ 1,600 பேர் பணிபுரிகிறார்கள், சுமார் 2,300 அறைகள் இருக்கின்றன என்று செய்திகளில் படிக்கும்போது, அந்த 1,600 பேரும் புகை நிறைந்த இருட்டில் தங்கள் அறையிலிருந்து வெளியேறும் வழியைக் கையால் தடவியே கண்டுபிடிக்கப் பழகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி நான் நெருக்கமாக அறிந்த பராமரிப்புக்கு வருகிறேன். 2021 நவம்பர் 17 அன்று பிரிட்டனின் குயின் எலிசபெத் கப்பலிலிருந்து எழும்ப முயன்ற எஃப்-35பி ஒன்று, ஓடும்போதே போதிய விசை கிடைக்காமல் முகப்பின் வளைவிலிருந்து மத்தியதரைக் கடலில் விழுந்தது. விமானி வெளியே பாய்ந்து உயிர் தப்பினார். விசாரணையில் தெரியவந்த காரணம், நிறுத்தி வைக்கும்போது எஞ்சின் காற்றுவாயில் பொருத்தும் உறை ஒன்று எடுக்கப்படாமல் உள்ளேயே நழுவிப் போயிருந்தது. உலகின் மிக நவீனமான போர் விமானம், பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ளது, ஓர் உறையால் போயிற்று. அந்தக் கப்பல் நெடும் பயணத்தில் இருந்தது. ஆட்கள் இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்வதை விட, ஒரு விமானத்துக்கு எத்தனை தொழில்நுட்ப மாலுமிகள், அவர்களுக்கு எத்தனை மணி நேர ஓய்வு, எடுத்த உறைகளை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்பதே பயனுள்ளது. தளத்தில் நாங்கள் முதலில் கற்பது எண்ணுவதைத்தான்: எடுத்த ஸ்பேனர்கள், கழற்றிய உறைகள், பூட்டு ஊசிகள், எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நம் நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. நம் மற்றொரு விமானந்தாங்கிக் கப்பலான விக்கிரமாதித்யாவுக்கும் விக்ராந்துக்குமாக 2004இலும் 2010இலும் செய்த ஒப்பந்தங்களால் 45 மிக்-29கே விமானங்கள் வாங்கப்பட்டன. 2016இல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஒற்றை இருக்கை விமானங்களில் பறக்கத் தகுதியான நிலையில் இருந்தவை 15.93 முதல் 37.63 விழுக்காடு வரை மட்டுமே என்று பதிவுசெய்தது. வாங்கிய 65 எஞ்சின்களில் 40 குறைபாடு காரணமாகப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. கப்பல் தளத்தில் இறங்கும் பயிற்சிக்கு சிமுலேட்டர் பொருத்தமாக இல்லை என்றும் அவ்வறிக்கை சொன்னது. அதன் பிறகு நிலைமை மேம்பட்டது. 2023 ஜூனில் விக்கிரமாதித்யாவும் விக்ராந்தும் அரபிக்கடலில் சேர்ந்து இயங்கி 35க்கும் மேற்பட்ட விமானங்களை ஈடுபடுத்தின. ஆனாலும் அந்த அறிக்கையின் எண்களை நான் மறக்க விரும்பவில்லை. தளத்தில் ஒவ்வொரு முறை இறங்குவதும் விமானத்தின் உடலுக்கு ஓர் அடி. தரையில் ஓடும் விமானத்தைப் போல அதைக் கணக்கிட்டு உதிரிப் பொருள் வாங்கினால், கப்பலில் விமானம் இருக்கும், பறக்காது.

இந்தப் பின்னணியில் தம்பியின் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 28 அன்று ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமான 26 ரஃபேல் மரீன் விமானங்களில் 22 ஒற்றை இருக்கை, 4 இரட்டை இருக்கை. அந்த நான்கும் கப்பல் தளத்தில் இறங்கக் கூடியவை அல்ல. தரையில் பயிற்சிக்கு மட்டும். எஞ்சிய 22இல் நான்கில் ஒரு பங்கு எப்போதும் பெரிய பராமரிப்பில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் பதினாறு மிஞ்சும். புதிய விமானிகளைத் தேர்ச்சி பெறச் செய்யக் கரையில் நான்கைந்து வேண்டும். ஆக, ஒரு கப்பலில் ஏற்றக் கிடைப்பது பன்னிரண்டு அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. இது என் உத்தேசக் கணக்குதான். ஆனால் இதைவிடப் பெரிதாக மாறாது என்று நம்புகிறேன். கப்பல்கள் இரண்டு. ரஃபேல்கள் 2030க்குள் முழுமையாக வந்து சேர்ந்த பிறகும் மிக்-29கே விமானங்களைச் சில காலம் வைத்துப் பராமரித்தே ஆக வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெளிவாகிறது. இருவகை எஞ்சின், இருவகை உதிரிப் பொருள், இருவகைப் பயிற்சி பெற்ற மாலுமிகள். கடற்படை 2017 ஜனவரியில் முதலில் விவரம் கேட்டது 57 விமானங்களுக்கு என்பதை நினைவில் வைத்தால், 26 என்பது அவசரத் தேவைக்கான எண் என்பது புரியும்.

பல்பணிப் போர் விமானம் என்ற சொல் கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஒரே விமானம் வானில் எதிரி விமானத்தை மறிக்கும், கடலில் கப்பலைத் தாக்கும், கரையில் இலக்கை அடிக்கும், வேவு பார்க்கும், தேவைப்பட்டால் தன் சக விமானத்துக்கு வானிலேயே எரிபொருளும் கொடுக்கும். கப்பலில் இடம் குறைவு என்பதால், வேலைக்கு ஒரு வகை விமானம் என்று ஏற்றிச் செல்ல முடியாது. இந்தப் பல்பணித் தன்மை அங்கே அடிப்படைத் தேவை. இதே பெயர் கொண்டிருந்த முந்தைய கப்பலான பழைய விக்ராந்தில் தாக்குதலுக்கு சீ ஹாக், நீர்மூழ்கி தேடலுக்கு அலிஸே என்று பிரிந்திருந்தது. 1971 போரில் காக்ஸ் பஜார், சிட்டகாங் பகுதிகளைத் தாக்கிய அந்தத் தளத்தில் ஒவ்வொரு விமானியும் ஒரு வகை வேலையில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றிருந்தார். இன்று விமானம் பல வேலைகளைச் செய்வது உண்மையே, ஆனால் விமானியும் அத்தனையிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும், அந்தத் தேர்ச்சிகள் ஒவ்வொன்றும் பறக்கும் மணிகளைக் கேட்கும். அந்த மணிகளுக்கு மேல், பகலிலும் இரவிலும் தளத்தில் இறங்கும் தகுதியைக் குறித்த கால இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒன்றரை விமானி என்று வைத்தாலும் பன்னிரண்டு விமானங்களுக்குப் பதினெட்டுப் பேர்; அவர்களுள் இரவில் இறங்கத் தகுதி பெற்றவர் எத்தனை பேர் என்பதுதான் ஒரு கப்பலின் உண்மையான வலிமை. செய்தியாளர் சந்திப்புகளில் இந்த எண்ணைக் கேட்பவர் அரிது.

ரஃபேலில் இன்னொரு நுட்பமும் உண்டு. மிக்-29 வகையின் இரட்டை இருக்கை விமானம் தளத்தில் இறங்கக் கூடியது. பின்னிருக்கையில் ஆசிரியர் அமர்ந்து முதல் சில முறை துணை நிற்க முடிந்தது. ரஃபேல் மரீனில் அது இயலாது. அந்த வகை விமானத்தில் கப்பலில் முதல் முறை இறங்குபவர் தனியாகத்தான் இறங்குவார். ஆகவே அதற்கு முன்னதான படிகள் மிகவும் உறுதியாக இருக்க வேண்டும். கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில், தரையிலேயே வளைமுகப்பும் தடுப்பு வடமும் அமைத்த சோதனை வசதி நம்மிடம் இருப்பது பெரும் பேறு; 2022இல் ரஃபேல் மரீனும் அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட்டும் வளைமுகப்பிலிருந்து எழும்ப முடியும் என்று காட்டியதும் அங்கேதான். கடற்படைக்கென 17 ஹாக் பயிற்சி விமானங்களும் வாங்கப்பட்டன. நம் விமானிகள் சிலர் முன்பு அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் இறக்கங்களில் தேறி வந்தவர்கள். ரஃபேலுக்கு பிரான்சிலும் இந்தியாவிலும் பயிற்சி என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு விமானிகள் பழகியது கேட்டபுல்ட் வைத்த சார்ல் டி கோல் கப்பலில். வளைமுகப்பிலிருந்து ரஃபேலை எழுப்பும் அன்றாட அனுபவம் உலகில் எவருக்கும் இல்லை. அதை முதலில் சேர்க்கப் போவது நம் ஆட்களே. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா என்ற இளம் பெண் அதிகாரி கடற்படைப் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண்ணானார். அவருடைய தலைமுறைதான் இந்த அனுபவத்தைத் திரட்டும்.

ஆட்களின் தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் பல. பிரிட்டன் 2010இல் செலவைக் குறைக்க ஹாரியர் விமானங்களை ஓய்வு கொடுத்து அனுப்பியது. புதிய கப்பல்கள் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அடுத்த எட்டு ஆண்டுகள் கப்பலில் இறங்கும் போர் விமானமே அவர்களிடம் இல்லை. அந்தக் கலை சாகாமல் இருக்க, விமானிகளையும் தளப் பணியாளர்களையும் அமெரிக்கக் கப்பல்களுக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் அனுப்பி வைத்தார்கள். அதுவே அவர்களைக் காப்பாற்றியது. ஆனாலும் 2021இல் குயின் எலிசபெத் தன் முதல் பெரும் பயணத்துக்குப் புறப்பட்டபோது அதிலிருந்த பதினெட்டு எஃப்-35பிகளில் பத்து அமெரிக்க மரீன் படையினுடையவை. 65,000 டன் கப்பல் சொந்தம், பாதிக்கு மேற்பட்ட விமானம் நட்பு நாட்டினுடையது. பிரான்ஸ் இதைச் சிறப்பாகக் கையாண்டது: தன் ஒரே கப்பல் நீண்ட பழுதுபார்ப்பில் இருந்தபோது, 2018இல் பன்னிரண்டு ரஃபேல்களை அவற்றின் ஆட்களோடு அமெரிக்காவின் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் கப்பலுக்கு அனுப்பித் தகுதியை உயிரோடு வைத்துக்கொண்டது. தாய்லாந்தின் சக்ரி நருபெத் கப்பல் 1997இல் பழைய ஹாரியர்களோடு சேர்ந்தது; உதிரிப் பொருள் கிடைக்காமல் சில ஆண்டுகளில் அவை நின்று போயின, 2006க்குப் பிறகு அது ஹெலிகாப்டர்களுக்கான கப்பல்தான். துருக்கியின் அனடோலு எஃப்-35பியை எண்ணித் திட்டமிடப்பட்டது. 2019இல் அந்தத் திட்டத்திலிருந்து துருக்கி நீக்கப்பட்டதும் ஆளில்லா விமானங்களின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

சீனா ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்கியது என்பதால் அதன் பாதை தனியே கவனிக்கத்தக்கது. உக்ரைனிடமிருந்து வாங்கிய அரைகுறைக் கப்பலை லியாவ்னிங் என்று 2012இல் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் அதைப் பெரும்பாலும் பயிற்சிக் கப்பலாகவே பயன்படுத்தினார்கள். 2016இல் தளத்தில் இறங்கும் பயிற்சியின்போது விமானி ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகும் நிற்காமல் 2019இல் ஷான்டோங், 2025 நவம்பரில் மின்காந்தக் கேட்டபுல்ட் வைத்த ஃபூஜியன் என்று மூன்று கப்பல்கள். என்னைக் கவர்ந்தது கப்பல்களின் எண்ணிக்கையை விட, முதல் கப்பலை ஒரு பள்ளிக்கூடமாகக் கருதிய பொறுமை.

இந்தியாவின் பலம், 1961இல் முதல் விக்ராந்த் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தொடர்ச்சி அறுபடாமல் இருப்பது. அந்தக் கப்பல் 1997இல் ஓய்வு பெறும் முன்பே 1987இல் விராட் வந்துவிட்டது. விராட் 2017இல் போகும் முன் 2013இல் விக்கிரமாதித்யா. வெள்ளைப் புலிகள் எனப்படும் 300ஆம் ஸ்குவாட்ரன் (விமான அணி) சீ ஹாக், சீ ஹாரியர், மிக்-29கே என்று மூன்று தலைமுறை விமானங்களைக் கண்டிருக்கிறது. இருந்தும் ஒரு திறமையை நாம் கைவிட்டுவிட்டோம். பழைய விக்ராந்தில் நீராவிக் கேட்டபுல்ட் இருந்தது. சீ ஹாரியர் வந்த பிறகு 1980களின் இறுதியில் அதை நீக்கி வளைமுகப்பு அமைத்தார்கள். அன்று அது சரியான முடிவு. ஆனால் கேட்டபுல்ட்டை இயக்கிய கடைசி மாலுமிகள் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிறது. நாளை மூன்றாவது கப்பலை, கனமான விமானங்களையும் ரேடார் விமானங்களையும் ஏவும் கேட்டபுல்ட்டோடு கட்ட வேண்டும் என்று முடிவானால், அந்தக் கலையை முதல் எழுத்திலிருந்து கற்க வேண்டும். அமெரிக்காவே ஜெரால்டு ஃபோர்டு கப்பலில் மின்காந்தக் கேட்டபுல்ட்டையும் புதிய ஆயுத லிஃப்ட்டுகளையும் ஒரே சமயத்தில் புகுத்தியதால் திணறியது. 2017இல் சேர்ந்த கப்பலில் பதினோராவது ஆயுத லிஃப்ட் 2021 டிசம்பரில்தான் முடிந்தது. புதிதாக ஏவுமுறை, புதிதாக விமானம், புதிதாக ஆட்கள் மூன்றையும் ஒரே கப்பலில் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கப்பலும் விமானமும் தனித்தனியே முடிவாவதன் விளைவுக்கு விக்ராந்தின் லிஃப்ட்டே சான்று. கீழ்த்தள ஹேங்கரிலிருந்து விமானத்தை மேலே கொண்டுவரும் அந்த லிஃப்ட்டின் அளவு, இறக்கை மடக்கும் மிக்-29கேயை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. ரஃபேல் மரீனின் இறக்கை மடங்காது. அதனால் அதை ஏற்றி இறக்குவதில் இடம் மிக நெருக்கம்; அதற்கான செயல்முறையும் கருவிகளும் பழக்கமும் தனியே வேண்டும்.

ஆட்சேர்ப்பில் எனக்கு ஒரு வெளிப்படையான மனத்தாங்கல் உண்டு. 2022 முதல் மாலுமிகள் நான்கு ஆண்டுப் பணிக்கு அக்னிவீரர்களாகச் சேர்க்கப்பட்டு, அவர்களில் 25 விழுக்காடு வரையே தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுகிறார்கள். அந்த இளைஞர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தொழிற்பயிற்சி, பிறகு ஒரு ஸ்குவாட்ரனில் மூத்தவர் கீழ் பழகுதல் என்று போனால், ஓர் எஞ்சினைத் தன் கையெழுத்தில் பறக்க விடும் அதிகாரம் பெறும் தறுவாயில் நான்கு ஆண்டுகள் முடிந்துவிடும். விமானத் தொழில்நுட்பப் பிரிவுக்கும் பறப்புத் தளப் பணிக்கும் மட்டுமாவது தக்கவைக்கும் விகிதம் கணிசமாக உயர வேண்டும். ரஃபேல் வரும் ஆண்டில் அதைத் தொட்டுப் பழகும் மாலுமி, 2040இல் தலைமை மாலுமியாக அதே ஹேங்கரில் நிற்க வேண்டும்.

விமானமும் விமானியும் மட்டும் கப்பலை முழுமையாக்குவதில்லை: நீர்மூழ்கி தேடும் எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்கள், ரேடார் சுமக்கும் காமோவ்-31, துணைக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல் ஆகியவற்றுக்கும் ஆட்கள் வேண்டும். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

மூன்றாவது கேள்வி சேலத்தைப் பற்றியது. விக்ராந்துக்கான சுமார் 30,000 டன் சிறப்பு எஃகைக் கொடுத்தது இந்திய எஃகு ஆணையம். அது பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளில் உருவானது. நம் இரும்பாலை அதே ஆணையத்தின் பிரிவு என்றாலும் அங்கே உற்பத்தியாவது துருப்பிடிக்காத எஃகு. ஆகவே விக்ராந்தின் உடல் சேலத்தில் பிறந்தது என்று உள்ளூரில் சொல்லப்படுவதுண்டு என்றால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். சேர்வராயன் மலையடிவாரத்து மேக்னசைட் உலைச் செங்கற்களுக்கான மூலப்பொருள் என்பது நமக்கெல்லாம் தெரியும். அத்தகைய வெப்பக் காப்பு எத்தனை முக்கியம் என்பதை விக்கிரமாதித்யாவே காட்டியது: 2012இல் கடல் ஓட்டச் சோதனையில் அதன் எட்டு கொதிகலன்களில் ஏழு, காப்பு சிதைந்து பழுதாயின, கப்பல் ஏறத்தாழ ஓராண்டு தாமதமாகி 2013 நவம்பரில்தான் நம் கைக்கு வந்தது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனையம். ரஃபேல் ஒப்பந்தத்தில் உள்நாட்டுப் பராமரிப்பு வசதியும், அஸ்த்ரா போன்ற நம் ஏவுகணைகளைப் பொருத்துவதும் அடங்கும். துல்லியமாகக் கடைசல் செய்யத் தெரிந்த சிறு பட்டறைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். அவற்றுக்குக் குறைவது விமானத் தரச் சான்றும் அதற்கான ஆவண ஒழுக்கமும். தளத்தில் நாங்கள் உறைகளை எண்ணிக் கையெழுத்திடுவதாகச் சொன்னேனே, அதே ஒழுக்கத்தைப் பட்டறையில் ஒவ்வொரு திருகுக்கும் கொண்டுவருவதே முதல் படி.

தம்பிக்குத் தனிப்பட்ட முறையில் என் பரிந்துரை இது. பொறியியல் பட்டத்தோடு விமானியாகவோ விமானத் தொழில்நுட்ப அதிகாரியாகவோ குறுகிய காலப் பணி நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கேரளத்தின் எழிமலை அகாதமியில் தொடக்கப் பயிற்சி, பிறகு தொழில்நுட்பத்துக்குக் கொச்சி. எல்லாரும் விமானி ஆகவே விரும்புகிறார்கள், அது இயற்கை. நீங்கள் எஞ்சினோடும் மின்னணுவோடும் பழக விரும்புபவர் என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் தொழில்நுட்பப் பிரிவை இரண்டாம் விருப்பமாக அல்ல, முதல் விருப்பமாகவே எழுதுங்கள். 2028இல் முதல் ரஃபேல் வரும்போது அதன் பராமரிப்புக் கையேட்டை முதன்முதலில் இங்கே திறக்கப் போகும் குழுவில் சேர, விண்ணப்பிக்க ஏற்ற காலம் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும்தான்.